கோரைப் பூச்சியும் பேரினம் சாரும்

இந்த உலகத்தில் முகத்தைப் பார்த்து யாரையும் நம்பாத ஒரே மனிதர் எங்கள் பேரினம் சார்தான். போலீஸ்காரர்கள்கூட சில சமயம் முகத்தைப் பார்த்து ஏமாந்துவிடுவார்கள். பேரினம் சார் ஏமாறவே மாட்டார். அவர் பார்ப்பதெல்லாம் பின்பக்கத்தைத்தான். நீங்கள் அவசரப்பட்டு எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம், நான் பூச்சியின் பின்பக்கத்தைச் சொல்கிறேன்.

திருவையாற்றுக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரையோரம் இருந்த ஒரு சின்ன பூச்சி ஆய்வுக்கூடத்தில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். சுற்று வட்டார நெல் வயல்களில் எந்தப் பூச்சி எவ்வளவு நடமாடுகிறது என்று தினமும் மேலிடத்துக்குத் தெரிவிப்பது எங்கள் ஆபீசின் வேலை. பூச்சியைப் பார்த்து இன்னது என்று சொல்ல வேண்டியவர் பேரினம் சார். அதை டைப் அடிக்க வேண்டியவள் நான்.

மெலிந்த, உயரமான மனிதர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஹோமியோபதி மாத்திரை வரும் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் ஐந்தாறு இருக்கும். மீசையில் எப்போதும் ஒரு மினுமினுப்பு. புதிதாக வருகிறவர்கள் ஏதோ கோயில் பிரசாதம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் பார்ப்பார்கள். அது அந்துப்பூச்சியின் இறக்கையிலிருந்து உதிர்ந்த தூள். அவருடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது என்று சொல்வார்கள். அங்கே அவர் போட்டிருந்த கையெழுத்தை நான் பலமுறை உற்றுப் பார்த்திருக்கிறேன். மையில் விழுந்த எறும்பு ஒன்று பிழைத்து எழுந்து நடந்துபோன தடம்தான் தெரிந்தது.

பேரினம் என்ற பெயர் எப்படி வந்தது என்பது, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தெரிந்துவிட்டது. என் கீபோர்டின் மேல் வெளுப்பாக ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது. நான் ஒரு ஃபைலை ஓங்கினேன். பின்னாலிருந்து ஒரு கை அந்த ஃபைலைப் பிடித்தது.

"அடிக்காதீங்கம்மா. என்ன அது?"

"பூச்சி சார்."

"என்ன பூச்சி?"

"அந்துப்பூச்சி."

"அந்துல ஆயிரம் இருக்கு. பேரினம் என்ன?"

எனக்கு என் அத்தை பெண்ணின் முழுப் பெயரே அப்போது ஞாபகம் வரவில்லை. அவர் கோபப்படவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் பதில் சொல்வேன் என்று உட்கார்ந்துவிட்டார். பேரினம் தெரியாமல் ஒன்றை அடிப்பது, ஊர் தெரியாமல் பஸ்ஸில் ஏறுவதற்குச் சமம் என்று அன்றைக்கு எனக்கு நாற்பது நிமிஷம் வகுப்பு எடுத்தார். பூச்சி நாற்பது நிமிஷமும் இருந்து கேட்டுவிட்டுப் பறந்துபோனது.

அந்த வகுப்பின் சாரத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஒவ்வொரு வகைப் பூச்சியும் ஒரு இனம். நெருங்கிய சொந்தக்கார இனங்கள் சிலவற்றைச் சேர்த்து ஒரு கூரையின் கீழ் வைத்தால் அது பேரினம். யார் யாருக்குச் சொந்தம் என்பதை வெளித்தோற்றத்தை வைத்து முடிவுகட்டக் கூடாது, உள் அமைப்பைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். இதை எல்லோரும் போல் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அவர் ஒரு சாதாரண அரசு ஊழியர். அவர் இதை டிபன் வரைக்கும் கொண்டுபோனார்.

ஆபீசுக்கு எதிரே ஒரு டிபன் கடை. அதன் மாஸ்டரிடம் ஒருநாள் காலையில் இவர் விளக்கிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். "இட்லியும் தோசையும் ஒரே பேரினம் மாஸ்டர். மாவு ஒண்ணு. வேகுற விதம் வேற, அதனால இனம் மட்டும் வேற. ஆனா அடை இருக்கு பாருங்க, கல்லுல கெடக்கறப்ப தோசை மாதிரிதான் தெரியும். மாவே வேற. பேரினமே வேற."

மாஸ்டர் சும்மா இருந்திருக்கலாம். ரவா தோசை எதில் சேர்த்தி என்று கேட்டுவிட்டார். பேரினம் சார் பாதி சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். மூன்று நாள் கடைப் பக்கமே வரவில்லை. நான்காம் நாள் வந்து, அது தனிப் பேரினம், பலகையில் அதற்குத் தோசை என்று போட்டிருப்பதை அழித்துவிட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். தோசையை அழித்துவிட்டு வெறும் ரவா என்று எழுதினால் எவன் சாப்பிட வருவான் என்று மாஸ்டர் கேட்டார். பெயர் வைப்பது வியாபாரத்துக்காக இல்லை என்று இவர் சொல்லிவிட்டார். அதிலிருந்து இவருக்கு மட்டும் அங்கே சட்னி கொஞ்சம் குறைந்தது.

வேலையில் மனிதர் புலி. வயலோரம் ஒரு பல்பு, அதன் கீழே புனல், புனலின் கீழே ஒரு வாளி. இதுதான் விளக்குப் பொறி. வெளிச்சத்தைத் தேடி வந்த பூச்சிகளெல்லாம் காலையில் வாளியில் கிடக்கும். அவற்றை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டி, பூனை முடி பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகப் பிரிப்பார். வெளியிலிருந்து பார்த்துத் தெரியாதவற்றின் பின்பாதியைத் தனியாக எடுத்து, பொட்டாஷ் கலந்த காரத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, செதிலெல்லாம் கரைந்த பிறகு மைக்ராஸ்கோப்பில் வைப்பார். சூடாக்குவதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம், எங்களுக்கு டீ போடும் மல்லிகா அக்காவின் அடுப்பு. ஒருநாள் டீ பாத்திரத்துக்குள் நாலு கண்ணாடிக் குழாய்கள் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு மல்லிகா அக்கா போட்ட சத்தம் காவிரியின் அக்கரை வரை கேட்டிருக்கும். அதன்பின் தன்னுடைய பாத்திரங்களுக்கெல்லாம் அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் அடையாளம் வைத்தாள்.

அவரோடு வெளியே போவதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை. திருவையாற்றில் சங்கீத உற்சவம் நடக்கும் நாட்களில் ஒரு சாயங்காலம் ஆபீஸ்காரர்கள் எல்லோரும் போயிருந்தோம். பந்தலில் பாட்டு நடக்கிறது. பேரினம் சார் தலையை நிமிர்த்தி, இமை கொட்டாமல், வாயை லேசாகத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த பட்டுப்புடவை மாமி ஒருவர், எவ்வளவு பெரிய ரசிகர் என்று மனம் உருகி, மெதுவாகக் குனிந்து இது என்ன ராகம் என்று கேட்டார்.

"சொல்ல முடியலைங்க," என்றார் இவர், மேலே டியூப்லைட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் இறக்கைய விரிக்கல."

நாங்கள் அத்தனை பேரும் அடுத்த பாட்டுக்குள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டோம்.

இனி கொஞ்சம் பூச்சியின் சரித்திரம். நெல் பயிரின் தண்டுக்குள் புகுந்து நடுக்குருத்தைக் காயவைக்கும் புழு ஒன்று இருக்கிறது. கதிர் வரும் சமயத்தில் புகுந்தால் கதிர் வெள்ளையாக, ஒரு மணிகூட இல்லாமல் சாவியாக நிற்கும். குருத்துப்பூச்சி என்றால் டெல்டாவில் குழந்தைக்கும் தெரியும். இந்தப் புழுவின் தாய் ஒரு சின்ன அந்துப்பூச்சி. விஞ்ஞானிகள் இதை முதலில் ஸ்கீனோபியஸ் என்ற பேரினத்தில் வைத்திருந்தார்கள். அப்புறம் அதற்கென்று ட்ரைபோரைசா என்று புதிதாக ஒரு வீடு கட்டிக் குடிவைத்தார்கள். நெல்லைத் துளைப்பது என்று அதற்குப் பொருள் வரும். பேரினம் சார் படித்த காலத்துப் பாடப் புத்தகத்தில் அந்தப் பெயர்தான் இருந்தது. அதன் மேல் அவருக்கு ஒரு பிரியம்.

பிற்பாடு யாரோ உள் அமைப்பையெல்லாம் மறுபடி ஆராய்ந்து, இந்த ட்ரைபோரைசாவும் சிர்போஃபேகா என்ற இன்னொரு பேரினமும் வேறு வேறல்ல, ஒன்றுதான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு பேரினம் ஒன்றாகும்போது பழைய பெயர்தான் நிலைக்க வேண்டும் என்பது விதி. பழையது சிர்போஃபேகா. அதற்குப் பொருள் கோரை தின்னி. நெல்லைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பாராத பூச்சிக்குக் கோரை தின்னி என்று பெயர் வைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? பேரினம் சாருக்கும் பொறுக்கவில்லை. இளம் வயதில் அந்தச் செய்தி வந்தபோது, ஏழெட்டு மாதம் அறிக்கைகளில் பிடிவாதமாகப் பழைய பெயரையே எழுதி, மேலிடத்திலிருந்து திட்டு வாங்கினாராம். பிறகு அவரே நாற்பது பூச்சிகளை அறுத்து, வாரக்கணக்கில் மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார். ஒருநாள் காலையில் வந்து, அவர்கள் சொன்னதுதான் சரி, என் மேல்தான் தப்பு என்று ஆபீசில் எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னாராம். கேட்காதவர்களிடமும் சொன்னாராம்.

அன்றிலிருந்து பழைய பெயருக்கு எமன் அவர்தான். எங்கள் ஆபீஸ் சுவரில் ஒரு பழைய பூச்சிப் படம் தொங்கும். அதில் ட்ரைபோரைசா என்று அச்சிட்டிருந்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி சிர்போஃபேகா என்று எழுதினார். அரசாங்கப் படத்தில் கிறுக்கக் கூடாது என்று எங்கள் அதிகாரி அதைக் கிழித்தார். இவர் மறுபடி ஒட்டினார். நான் பார்த்த காலத்தில் அந்த இடம் மட்டும் பசை காய்ந்து காய்ந்து ஒரு அப்பளம் கனத்துக்கு வீங்கியிருந்தது.

விவசாயிகளையும் விட்டுவைக்கவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி வகுப்பு நடத்துவார். பூச்சியைக் கண்டதும் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள், முதலில் பேரினத்தைக் கேளுங்கள், வயலில் இருக்கிற பூச்சி குருத்துப்பூச்சியின் பேரினம் இல்லை என்றால் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள் என்பதுதான் பாடம். எல்லோருக்கும் பதிய வேண்டும் என்று இட்லி தோசை உதாரணத்தையும் சொல்வார். சொல்லிச் சொல்லி, எங்கள் பக்கத்தில் கைநாட்டு வைக்கிற பெரியவர்கூட, "பேரினம் என்னங்க?" என்று கேட்கிற நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டார். இந்தப் பாடம்தான் அவர் காலையே வாரிவிட்டது.

ஒரு மார்கழி மாதம். அந்த வருஷம் வாய்க்கால் தூர் வாராமல் கிடந்ததால் கோரை இடுப்பு உயரத்துக்கு மண்டியிருந்தது. வயல்களில் சம்பா, கதிர் வெளிவரும் தறுவாயில் பொதி கட்டி நின்றது. ஆபீசிலிருந்து நாலு கிலோமீட்டரில் இருந்த ஒரு ஊரில் வாசல் விளக்குகளில் எல்லாம் வெள்ளை வெள்ளையாக அந்துப்பூச்சி வந்து அப்பியது. யாரோ அதைப் படம் பிடித்து ஊர் வாட்ஸப் குழுவில் போட்டார்கள். குருத்துப்பூச்சி வந்துவிட்டது, விட்டால் ஊர் முழுக்கச் சாவிதான் என்று ஒருவர் குரல் பதிவு போட்டார். பொழுது விடிவதற்குள் பத்து ஊருக்குச் செய்தி பரவிவிட்டது. அந்த ஊரில் எதற்கும் முன்னால் நிற்கும் மாரிமுத்து அண்ணன், மருந்து தெளிக்க ட்ரோனுக்கே சொல்லிவிட்டார். இரண்டு நாள் கழித்துக் காலையில் ட்ரோன் வருகிறது.

அன்றைக்குக் காலையிலேயே அந்த ஊரிலிருந்து வசந்தா என்கிற பெண் எங்கள் ஆபீசுக்கு வந்தாள். கூலி வேலை செய்துவந்த குடும்பம். போன வருஷம்தான் முதன்முதலாகத் தன் பெயரில் மூன்று மா நிலம் குத்தகைக்குப் பிடித்து நட்டிருந்தாள். ஒரு மா என்பது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. போன வருஷமும் இதே மாதிரி ஒரு புரளி வந்து, எல்லோரோடும் சேர்ந்து இரண்டு தடவை மருந்து அடித்திருக்கிறாள். பூச்சியைத் தின்கிற சிலந்தியெல்லாம் அதில் செத்து, பின்னாலேயே சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி வந்து, பயிர் வட்டம் வட்டமாகக் கருகிவிட்டது. இந்த வருஷமும் போனால் நிலத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று சொந்தக்காரர் சொல்லியிருந்தார். அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். ஒரு பாலிதீன் பையில் பூச்சிகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, "என்ன செய்யறதுன்னு சொல்லுங்க சார்," என்று நின்றாள்.

பேரினம் சார் அறுபது பூச்சிகளை எண்ணி எடுத்தார். அன்றைக்கு மல்லிகா அக்காவே சிவப்பு அடையாளம் போட்ட பாத்திரம் ஒன்றைக் கொடுத்துவிட்டாள். மறுநாள் மத்தியானம் மைக்ராஸ்கோப்பை விட்டு நிமிர்ந்தபோது அவர் கண் இரண்டும் சிவந்திருந்தன. அறுபதில் ஐம்பத்தெட்டு, கோரையில் வளர்கிற வெள்ளை இனம். நெல்லைத் தொடாது. இரண்டே இரண்டுதான் நெல் பூச்சி. அவ்வளவு எப்போதும் இருக்கும். மருந்து தேவையே இல்லை.

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். அடிக்கச் சொல்லிவிட்டால் யாரும் நம்மைக் கேட்கமாட்டார்கள், அடிக்காதே என்று சொல்லி நாளைக்குச் சாவியானால் யார் பதில் சொல்வது, போவதென்றால் நீங்களாகப் போங்கள், ஆபீஸ் பெயரை இழுக்காதீர்கள் என்றார். என் ஸ்கூட்டரின் பின்னால், மைக்ராஸ்கோப் பெட்டியை மடியில் குழந்தை மாதிரி கட்டிக்கொண்டு பேரினம் சார் ஏறி உட்கார்ந்தார்.

பால் சொசைட்டி வாசலில் ஊரே கூடியிருந்தது. இவர் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். வாய்க்கால் கோரையில் முட்டை இருக்கிறது, நெல் இலையில் இல்லை, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மைக்ராஸ்கோப்பில் வந்து பார்க்கச் சொன்னார். கூட்டம் பாதி இளகிவிட்டது. எனக்குக்கூட நிம்மதியாக இருந்தது. அப்போது மாரிமுத்து அண்ணன் மரியாதையாக எழுந்து நின்றார்.

"எல்லாஞ் சரிங்க சார். நீங்க சொல்லிக் குடுத்ததத்தான் கேக்கறோம். பேரினம் என்னங்க?"

பேரினம் சார் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொசைட்டிக்குப் பின்பக்கம் இருந்த குழாயடிக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். கோரைப் பூச்சியும் நெல் பூச்சியும் ஒரே பேரினம், இரண்டும் சிர்போஃபேகா என்று நான் எத்தனை தடவை டைப் அடித்திருக்கிறேன்.

"சார், பழைய பேரைச் சொல்லுங்க. இது சிர்போஃபேகா, நெல்லுல வர்றது ட்ரைபோரைசா, பேரினமே வேறன்னு சொல்லிடுங்க. ஒரு காலத்துல புத்தகத்துலயே அப்படித்தான இருந்துச்சு? பொய்யாகாது சார்."

அவர் குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீர் குடித்தார். அவருக்கும் ஆசைதான், முகத்தில் தெரிந்தது.

"எனக்கு இன்னமும் அந்தப் பேருதாம்மா புடிச்சிருக்கு."

"அப்பறம் என்ன சார்?"

"நாப்பது பூச்சிய அறுத்துப் பாத்துட்டேனேம்மா. பாக்காம இருந்திருந்தா சொல்லியிருப்பேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவரை அந்தக் குழாயடியிலேயே தள்ளிவிட்டிருப்பேன். ஒரு வார்த்தை. ஊர் வயல் முழுக்கப் பிழைக்கும். வசந்தாவின் நிலம் தப்பிக்கும். கையெடுத்துக் கும்பிட்டுக்கூடக் கேட்டேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு போய்க் கூட்டத்தின் நடுவே நின்றார். "பேரினம் ஒண்ணுதான். இனம் வேற," என்றார். ஒண்ணுதான் என்பதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் யார் காதிலும் விழவில்லை.

கூச்சல் அடங்கியதும் மாரிமுத்து அண்ணன் கேட்டார். "இட்லியும் தோசையும் ஒரே மாவுன்னு நீங்கதான சார் சொன்னீங்க? ஒரே மாவுன்னா வயித்துக்குள்ள போயி ரெண்டும் ஒரே வேலையத்தான செய்யும்?"

பேரினம் சார் இருபது வருஷம் சொல்லிக் கொடுத்த பாடத்தை ஒரு ஊரே ஒழுங்காகப் படித்து, அவரிடமே ஒப்பித்துவிட்டது. வகுப்பு எடுத்தபோது, ஒரே பேரினத்துக்குள்ளும் ஒன்று நெல்லைத் தின்னும் இன்னொன்று தின்னாது என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். பேரினத்தின் மேல் இருந்த மோகத்தில் மனிதர் அதைச் சொல்லாமலே விட்டிருக்கிறார். ட்ரோன் நாளைக்கு வரட்டும் என்று முடிவாகி, எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"என் வயலுக்கு வேணாம்," என்று ஒரு குரல் கேட்டது. பால் கேனோடு வசந்தா நின்றுகொண்டிருந்தாள்.

பைத்தியமா உனக்கு என்று நாலு பேர் பாய்ந்தார்கள். அவள் கேனைக் கீழே வைத்தாள். "குழாயடிச் சுவத்துக்கு அந்தாண்ட கேன் கழுவிக்கிட்டுதான் இருந்தேன். பொய் சொல்லுங்கன்னு இந்தம்மா கையெடுத்துக் கும்புடறாங்க. இவரு மாட்டேங்கறாரு. தனக்கு உதவுற பொய்யவே சொல்லாதவரு, எனக்கு எதுக்குங்க பொய் சொல்லப்போறாரு?"

ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. அதன்பிறகு இன்றுவரை அந்த ஊர்ப் பக்கம் நான் துப்பட்டாவை முகத்தில் கட்டிக்கொண்டுதான் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன்.

மறுநாள் காலையில் ட்ரோன் வந்தது. வசந்தாவின் வயல் நடுவில் இருந்ததால், அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று மேலிருந்து ஓட்டுகிற பையன்களுக்குத் தெரியாது. பேரினம் சார் பூச்சி பிடிக்க வைத்திருந்த வெள்ளைத் துணியைக் கொண்டுவந்தார். ஒரு முனையை வசந்தாவும் மறுமுனையை அவருமாகப் பிடித்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துப் பார்த்து, வரப்பில் முன்னும் பின்னுமாக ஓடினார்கள். ட்ரோன் வலதுபுறம் போனால் இவர்களும் வலதுபுறம் போவார்கள். அது திரும்பினால் இவர்களும் திரும்புவார்கள். பேரினம் சார் இரண்டு தடவை சேற்றில் விழுந்தார். ஊர்ச் சனம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, இந்த வயல் மட்டும் சாவியாகப் போனால் இந்த மனிதர் பிழைக்கமாட்டார் என்றும் நினைத்தேன்.

அடுத்த ஐந்து வாரம் அவர் ஆபீசுக்கு வருவதற்கு முன் தினமும் அந்த வயலுக்குப் போனார். வெள்ளைக் கதிர் இருக்கிறதா என்று வரிசை வரிசையாகக் குனிந்து பார்ப்பார். என் மேஜைக்கு வந்து நின்று, அறுபது சாம்பிள் கம்மியோ, நூறாகப் பார்த்திருக்க வேண்டுமோ என்று கேட்பார். அந்த நெல் பூச்சியின் விஞ்ஞானப் பெயரில் பேரினத்துக்குப் பிறகு வரும் சொல்லுக்கே சந்தேகம் என்பது மாதிரி ஒரு அர்த்தம் உண்டு என்று சொல்லிவிட்டுப் பெருமூச்சு விடுவார். ஒருநாள் டிபன் கடை மாஸ்டர் என்னைக் கூப்பிட்டுக் கவலையோடு சொன்னார்: "சாருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையாம்மா? எதை வச்சாலும் ஒண்ணும் கேக்காம சாப்புட்டுப் போறாரு. நேத்து ரவா தோசையவே சாப்புட்டாரும்மா."

பொங்கல் முடிந்து அறுவடை மெஷின் வந்தது. வசந்தா போன் செய்ய, நானும் போனேன். வயல் பொன்னாக நின்றது. வெள்ளைக் கதிர் அங்கொன்றும் இங்கொன்றும்தான். மெஷின் நெல்லைக் கொட்டக் கொட்ட, வசந்தா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். பேரினம் சாரை மட்டும் காணோம். அவர் மெஷினுக்குப் பின்னால் குந்தி, அறுத்த தாளைப் பிளந்து பிளந்து உள்ளே புழு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்தத் தாள விடுங்க சார். ஒரு தடவ நெல்லப் பாருங்க," என்று வசந்தா கையைப் பிடிக்காத குறையாக அழைத்துவந்தாள்.

அவர் குவியலுக்கு முன்னால் வந்து நின்றார். குனிந்து ஒரு கை அள்ளினார். முப்பது வருஷம் நெல் பூச்சியோடே குடித்தனம் நடத்தியவர், அந்த நெல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன ரகம்?" என்று வசந்தாவிடம் கேட்டார்.

வசந்தா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான். நிலம் அவளிடமே இருந்தது.

மாரிமுத்து அண்ணன் விடுவாரா? சுற்றி எல்லோரும் மருந்து அடித்ததால்தான் நடுவில் இருந்த இந்த வயல் தப்பித்தது என்றார். பேரினம் சார் தாடையைத் தடவி யோசித்து, அதையும் மறுக்க முடியாது என்று தலையாட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் வயலில் புகையான் விழுந்து இரண்டு இடத்தில் கருகியதும், மறுபடி மருந்து அடித்ததும் ஊருக்கே தெரியும். அவர் வாயிலிருந்து மட்டும் அது வரவேயில்லை. ஆனால் அடுத்த மார்கழியில் ஒருநாள், சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று ஆபீசுக்குள் நுழைந்து, டிபன் டப்பா ஒன்றை மேஜையில் வைத்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாக நாற்பது ஐம்பது அந்துப்பூச்சி. பேரினம் எனக்கே தெரியும், இனத்தை மட்டும் பார்த்துச் சொன்னால் போதும், ட்ரோனுக்கு இன்னும் சொல்லவில்லை என்றார்.

பேரினம் சார் ஓய்வு பெற்று, கீழ்வேளூர்ப் பக்கம் தன் சொந்த ஊருக்குப் போய்விட்டார். மாதம் ஒருமுறை போனில் பேசுகிறோம். வீட்டு வாசலில் பல்பும் வாளியும் கட்டியிருக்கிறாராம், அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்களாம். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இத்தனை வருஷத்தில் இதை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால், எத்தனை பேரைப் பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்பார்.

ஒருவரைத்தான் சார். தேடிப் பார்த்தேன், வேறு கிடைக்கவில்லை.